சலாம் போடும் கை

தும்மல் யாருக்குத்தான் வராது? வந்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் ஒரு கையில் கூர்க்கத்தியும் மறு கையில் ஊரான் தாடையும் இருக்கிற நேரத்தில் வந்தால்? அந்தக் கஷ்டத்தைச் சலாம்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

சலாம்காரர் என்பது அவர் பெயர் இல்லை. பெயர் சலூன் பலகையில் இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. சவரம் செய்துகொண்டிருக்கும்போது தும்மல் வந்தால் அவருடைய வலது கை கத்தியோடு விருட்டென்று தலைக்கு மேலே போய்விடும். இடது கை வாடிக்கையாளரின் நெற்றியை நாற்காலியோடு சேர்த்து அழுத்திக்கொள்ளும், அந்த ஆள் பதறி எழுந்துவிடக் கூடாதே. தும்மல் ஓய்ந்த பிறகுதான் கத்தி கீழே இறங்கும். பார்க்கிறவர்களுக்கு அவர் யாரோ பெரிய மனிதருக்கு சலாம் வைப்பதுபோல இருக்கும். வைத்தார்கள் பெயரை, அது ஒட்டிக்கொண்டது.

தொழில் பழகிய காலத்தில் ஒருவருடைய காது மடலை ஒரு தும்மலில் கீறிவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து வந்த பழக்கம் அது. முதலில் யோசித்துத் தூக்கினார். பிறகு யோசிக்காமலே தூக்கினார். கடைசியில் தடுத்தாலும் நிற்காது என்று ஆகிவிட்டது. சாப்பிடும்போது தும்மினால் கரண்டி மேலே போகும். கல்யாண வீட்டுக் குரூப் போட்டோ ஒன்றில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்க, இவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி நிற்பார். அந்தப் போட்டோவைப் பார்த்து வீடே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

வயசு ஏற ஏற உடம்பு தளர்ந்தது, மூக்கு மட்டும் இளமையாகிக்கொண்டே போனது. முன்பெல்லாம் பனிக்காலத்தில் எப்போதாவது ஒரு தும்மல். இப்போது ஒன்று வந்தால் பின்னாலேயே ஒன்பது வருகிறது. குளிருக்காகக் கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். உள்ளே வெட்டிய முடியின் தூள், முகப்பவுடர், ஹீட்டரின் வறண்ட சூடு. வீட்டுக்குப் போனால் பரணிலிருந்து இறக்கிய கம்பளிகள். காலையில் கண் விழிக்கும்போதே மேலண்ணம் அரிக்கும். காதுக்குள்ளே அரிக்கும், அங்கே எதை விட்டுச் சொறிவது? கண் இரண்டும் கோவைப்பழம் மாதிரி சிவந்து வழியும். புதிதாக வருகிறவர்கள், பாவம், வீட்டில் ஏதோ துக்கம் போல என்று மெதுவாகப் பேசுவார்கள்.

டாக்டரிடம் போனார். "அலர்ஜிங்க. தூசி, முடி, குளிர்காத்து, இது மூணும் உங்களுக்கு ஆகாது" என்றார் டாக்டர்.

"இது மூணும்தாங்க என் பொழப்பே" என்றார் சலாம்காரர்.

டாக்டர் மூக்கில் அடிக்க ஒரு மருந்தும், போட்டுக்கொள்ள மாத்திரையும் கொடுத்தார். மாத்திரை போட்டால் தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது என்றார்.

"கத்தி ஓட்டலாமா?"

டாக்டர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மாத்திரை அலமாரிக்குப் போனது. மூக்கு மருந்து கொஞ்சம் கேட்டது, கொஞ்சம் கேட்கவில்லை.

இவ்வளவும் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்த கதைதான். பயம் நுழைந்தது ஒரு பாத்திரத்தின் வழியாக.

மாடியில் குடியிருந்த மகளுக்கு அது நிறைமாதம். குளிக்க வெந்நீர் வேண்டும் என்று குரல் கொடுத்தாள். சலாம்காரர் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியேறினார். மேல்படியில் மகள் நின்றிருந்தாள். பாதி வழியில் மூக்கு நமநமவென்றது. இறக்கி வைக்கலாம் என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. வலது கை பாத்திரத்தை விட்டுவிட்டு மேலே போனது. இடது கை பாத்திரத்தின் ஒரு பக்கத்தைக் கீழே பார்த்து அழுத்தியது. வெந்நீர் அத்தனையும் படியில் கொட்டி ஆவி பறந்தது. நல்லவேளை, அவர் மேல் தெறித்தது கொஞ்சம்தான்.

"பாத்து வரக் கூடாதாப்பா?" என்று மகள் பதறினாள். "கை வழுக்கிடுச்சும்மா" என்றார்.

கை வழுக்கவில்லை. அவருக்குத் தெரியும். படியிலேயே உட்கார்ந்து இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெந்நீர்ப் பாத்திரம் என்றுகூடப் பார்க்காத கை, நாளைக்குக் குழந்தை என்று பார்க்குமா? வலது கை பறந்துவிடும். இடது கை அழுத்தும். அழுத்தினால் எதன் மேல் அழுத்தும்? அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை.

குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு துணிப் பொட்டலம் மாதிரி கொண்டுவந்து, "தாத்தாதானே? வாங்கிக்குங்க" என்று நீட்டினாள். முகம் தெரிந்தது. மூக்கு இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. சலாம்காரர் ஓரடி முன்னால் வைத்தார். அந்த நேரம் பார்த்து அண்ணம் அரிக்க ஆரம்பித்தது. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "அவங்ககிட்ட குடுங்க" என்று மனைவியைக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டார். வராந்தாக் கோடியில் நின்று தும்மித் தீர்த்தார். ஒவ்வொரு தும்மலுக்கும் கை மேலே போய்ப் போய் வந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு வெளியே போனதை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் அவர் நிலைமையையும் பார்க்க வேண்டும். "என் கை என் பேச்சைக் கேக்கல" என்று ஒரு சவரத் தொழிலாளி வீட்டில் சொன்னால் அது வீட்டோடு நிற்குமா? தெருவுக்குப் போகும். தெருவுக்குப் போனால் எவன் வந்து நாற்காலியில் கழுத்தை அண்ணாந்து காட்டுவான்? அதைவிடப் பெரிய பயம், மகள் இனிமேல் தன்னைக் குழந்தையின் பக்கத்திலேயே விடமாட்டாள் என்பது. ஆகவே மென்று முழுங்கினார்.

சாக்குகள் தினுசு தினுசாக வந்தன. கை கழுவவில்லை என்பார். கடையிலிருந்து வந்த உடம்பு, முடி ஒட்டியிருக்கும் என்பார். குளித்துவிட்டு வந்தால், கை ஜில்லென்று இருக்கிறது என்பார். தூரத்தில் நின்று நாக்கைச் சொடுக்கிக் கொஞ்சுவார். குழந்தை அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் யாராவது குழந்தையை எடுத்துக்கொண்டு அவரை நோக்கி வந்துவிட்டால், கடன்காரனைக் கண்டவன் மாதிரி நழுவிவிடுவார்.

"என்னங்க, உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று மனைவி கேட்டுப் பார்த்தாள். "பேத்தி பொறந்தா ஆம்பளைங்க தலைகால் தெரியாம ஆடுவாங்க. நீங்க சுவத்தோட சுவரா நிக்கிறீங்க."

"சளி பிடிச்சிருக்குல்ல. குழந்தைக்கு ஒட்டிக்கும்."

"அது ஒட்டாத சளின்னு டாக்டர் சொன்னாருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மருமகன் எதுவும் கேட்கவில்லை. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறவன், அதிகம் பேசாதவன். மாமனாரைப் பார்த்தால் "சாப்பிட்டீங்களா மாமா" என்று கேட்கிறவன் அதையும் நிறுத்திவிட்டான். வாரம் தவறாமல் கடைக்குச் சவரத்துக்கு வருவான், அதுவும் நின்றது. முகத்தில் தாடி வளர்ந்துகொண்டிருந்தது.

மகள்தான் ஒருநாள் போட்டு உடைத்தாள். குழந்தைக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். துண்டு எட்டவில்லை. "அப்பா, ஒரு நிமிஷம் இவளைப் பிடிங்க" என்றாள். அவர் துண்டை எடுத்து நீட்டினார். அவள் துண்டை வாங்கவில்லை.

"பொண்ணா பொறந்துடுச்சுன்னுதானே தொட மாட்டேங்கிறீங்க?"

"சீ, வாயைக் கழுவு! உன்னை இந்தத் தோள்ல போட்டு வளர்த்தவன்டி நான்."

"என்னைத் தூக்குன கைக்கு இவ என்ன பாவம் பண்ணுனா?"

துண்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். படியில் நிற்கும்போது இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. மகளைத் தூக்கி வளர்த்த அந்த வருஷங்களில் ஒரே ஒரு தும்மல் வந்திருந்தால்? வரவில்லை, அவ்வளவுதான். தன் சாமர்த்தியம் என்று அதில் எதுவும் இல்லை. நடக்காமல் போன ஒன்றை நினைத்துப் படிச்சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு முடிவெடுத்தார். பழக்கின கையை மறுபடி பழக்குவது.

மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். துண்டுகளை உருட்டி, போர்வைத் துணியில் சுற்றி, குழந்தை அளவுக்கு ஒரு மூட்டை கட்டினார். கனம் வேண்டுமே என்று உள்ளே கத்தி தீட்டுகிற பழைய தோல்பட்டையையும் ஒரு பவுடர் டப்பாவையும் வைத்தார். அதை ஏந்திக்கொண்டு, முகப்பவுடரை முகத்துக்கு நேரே உதறுவார். தும்மலுக்குப் பஞ்சமா? அச், அச், அச்! மூட்டை தரையில் கிடக்கும். கை உத்தரத்தைப் பார்த்து நிற்கும். துண்டுதான், தெரியும். ஆனாலும் குனிந்து எடுத்து, தலைப்பக்கம் எது என்று பார்த்துத் தடவிக்கொடுத்தார்.

பக்கத்துக் கடைத் தையற்காரர் ஒருநாள் ஷட்டருக்குக் கீழே தலையை நுழைத்துவிட்டார். கண்ணில் நீர் வழிய, முகமெல்லாம் பவுடரோடு, ஒரு துண்டு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற சலாம்காரரைப் பார்த்தார்.

"யோவ், என்னய்யா பண்ற?"

"தோள்பட்டை வலிக்குதுய்யா. அதுக்குப் பயிற்சி."

"வலி தோள்லதானா, இன்னும் மேலயா?" என்று தன் நெற்றியைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார் தையற்காரர்.

சும்மா பிடித்துக்கொள்ள முயன்றால் கை நிற்கவில்லை. அதற்கு வேறு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. மூக்கு நமநமத்ததும் மூட்டையை இறுக்கி மார்போடு இழுத்துக்கொள்வது. இறுக்கு, இழு. இறுக்கு, இழு. நாள்கள் போகப் போக மூட்டை விழுவது குறைந்தது. அப்புறம் விழவே இல்லை. தும்மல் வந்தால் இரண்டு கையும் தானாகவே நெஞ்சுக்கு வந்து சேர்ந்தன.

ஒரு காலை நேரம், சொல்லாமல் கொள்ளாமல் மாடிக்குப் போனார். மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். "குடு" என்றார். மகள் அவர் முகத்தைப் பார்த்தாள், வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள், பிறகு நீட்டினாள்.

துண்டு மூட்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இது சூடாக இருந்தது. இது அசைந்தது. பால் வாசனை அடித்தது. சலாம்காரர் முதுகைச் சுவரில் சாய்த்து, கால்களைப் பரப்பி ஊன்றிக்கொண்டார். கம்பளித் தூசியோ என்னவோ, அண்ணம் அரிக்க ஆரம்பித்துவிட்டது. மகளிடம் திருப்பிக் கொடுக்க நேரமில்லை. ஐயோ என்று மனசு கத்தியது. அச்!

கைகள் இறுகின. குழந்தை அவர் நெஞ்சோடு வந்து ஒட்டிக்கொண்டது. மறுபடியும் அச். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் கை நின்றது. குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தது. தாத்தாவுக்குத்தான் அழுகை வந்தது.

"அலர்ஜியில கண்ணுல தண்ணி" என்றார்.

"தெரியுது, தெரியுது" என்றாள் மனைவி.

செய்தி மருமகன் காதுக்கும் போயிருக்கும். மறுநாள் கடை திறந்த கையோடு வந்து நின்றான். "தாடி அரிக்குது மாமா" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் பாஷையில் அது சமாதானம். சலாம்காரருக்குத் தலைகால் புரியவில்லை. புது பிளேடு போட்டார். வெந்நீரில் பிரஷ்ஷை முக்கி, நுரை ததும்பத் ததும்பத் தடவினார். மருமகன் கண்ணை மூடிக்கொண்டு தலையை அண்ணாந்தான்.

கழுத்திலிருந்து தொடங்குவது அவர் வழக்கம். தொண்டைக்குழியிலிருந்து மேலே, தாடை வரைக்கும். இடது கை தோலை இழுத்துப் பிடித்தது, வலது கை வழித்துக்கொண்டு போனது. கழுத்து முடிந்து கத்தி தாடை எலும்பின் மேல் ஏறியது. வெளியே யாரோ குப்பை கூட்டினார்கள். கதவிடுக்கில் தூசி வந்தது. கொஞ்ச நாளாகச் சவரத்துக்கு முன்னால் மூக்கு மருந்து அடித்துத் தும்மலைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர், இன்றைக்குச் சந்தோஷத்தில் அதை மறந்துவிட்டார். மூக்கு நமநமத்தது.

பழைய பயம் எதுவும் அவருக்கு இல்லை. இத்தனை வருஷமாகக் கடையில் வந்த தும்மல்தானே, கை தானாக மேலே போகும், போகட்டும் என்று இருந்தார். அச்!

கை மேலே போகவில்லை. இறுகியது. நெஞ்சை நோக்கி இழுத்தது.

"ஸ்ஸ்" என்றான் மருமகன்.

வெள்ளை நுரைக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு கோடு தாடையோரம் எழுந்து கீழே இறங்கியது. அடுத்த தும்மல் தொண்டையில் நின்றது. சலாம்காரர் தன் கையைப் பார்த்தார். கத்தி இன்னும் மருமகன் முகத்தின் பக்கத்திலேயே இருந்தது, பிடி விடாமல். விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி விரிக்க வேண்டியிருந்தது. கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சுவர் வரைக்கும் பின்வாங்கி, அங்கே நின்று மிச்சத் தும்மலைத் தும்மினார். வெறும் கைகள் ஒவ்வொரு முறையும் மார்பை இறுக்கிக்கொண்டன.

"என்ன மாமா, சின்னக் கீறல்தானே. இதுக்குப் போய்" என்று மருமகன் படிகாரக் கட்டியைத் தானே எடுத்து வைத்துக்கொண்டான். "பட்டறையில தினம் இதைவிடப் பெருசா வாங்குறேன்."

"மாப்பிள்ளை, கொஞ்சம் முன்னாடி கத்தி எங்க இருந்துச்சு தெரியுமா?"

அவன் சிரித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தான். தாடையோரக் கீறல் தெரிந்தது. அதற்குக் கீழே, வழித்து முடித்த பளபளப்பான கழுத்து தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

சலாம்காரர் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வெந்நீர்ப் பாத்திரம், ஆஸ்பத்திரி வராந்தா, துண்டு மூட்டை, பவுடர், எதையும் விடவில்லை. மருமகன் பாதி முகம் நுரையோடு கேட்டுக்கொண்டிருந்தான். இடையில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா மாமா? நான் உங்களை என்னென்னவோ நெனச்சுட்டேனே."

"சொல்லியிருந்தா பேத்தியை என்கிட்ட குடுத்திருப்பீங்களா?"

மருமகன் யோசித்தான். "குடுத்திருக்க மாட்டேன்" என்றான். பொய் சொல்லத் தெரியாதவன்.

படிகாரத்தைத் தாடையில் மறுபடி அழுத்திக்கொண்டான். பிறகு சலாம்காரர், "ஒரு கைக்கு ஒரு பாடம்தான் நிக்குது மாப்பிள்ளை" என்றார். "மறுபடி கத்திக்குப் பழக்கினா அது குழந்தையை விட்டுடும்."

எழுந்து கீழே கிடந்த கத்தியை எடுத்துத் துடைத்தார், பிளேடைக் கழற்றினார், மடித்து இழுப்பறையின் அடியில் வைத்தார். மருமகனின் மீதிப் பாதி முகத்தை மெஷினால் முடித்தார். தையற்காரரிடம் ஒரு அட்டை வாங்கி, 'முடிவெட்டு மட்டும். பனிக்காலம் முடியும் வரை சவரம் கிடையாது' என்று எழுதிக் கதவில் தொங்கவிட்டார். சவரத்துக்கென்றே வருகிற கிழவர்கள் திட்டுவார்கள். பாதிப் பேர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள், போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள். தெரிந்தேதான் தொங்கவிட்டார்.

சாயங்காலம் மகள் கணவனின் முகத்தைப் பார்த்து, "இது என்ன?" என்றாள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றான் அவன். மாமனாரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டான். அவரும் சொன்னார். மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். மகள் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு அந்தக் குரூப் போட்டோவை நினைத்துச் சிரித்தாள். கடைசியில் குழந்தையைத் தூக்கி அவரிடம் நீட்டினாள்.

இப்போது சலாம்காரருக்குக் கை வரவில்லை. காலையிலிருந்து அந்தக் கை கத்தியையும் பார்த்திருக்கிறது, ரத்தத்தையும் பார்த்திருக்கிறது. இருந்த பாடமும் அழிந்துபோயிருந்தால்?

"தரையில உக்காருங்கப்பா" என்றாள் மகள். உட்கார்ந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டார். அது கொட்டாவி விட்டது. எல்லோரும் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பார்த்தால் யாருக்குத்தான் வராது? அண்ணம் அரித்தது. கண் தானாக மூடிக்கொண்டது. அந்த இருட்டில் அவருக்கு எதுவும் தெரியவில்லை, பயம் மட்டும் தெரிந்தது.

தும்மி முடித்துக் கண்ணைத் திறந்தார். குழந்தை மார்போடு இருந்தது. அவருடைய இரண்டு கைகளும் அதன்மேல் இருந்தன. அவற்றுக்கு அடியில் வெல்டிங் தழும்பேறிய இரண்டு கைகள், விரித்து, ஏந்தத் தயாராக இருந்தன. மருமகன் எப்போது எதிரே வந்து முட்டிபோட்டு உட்கார்ந்தான் என்று அவருக்குத் தெரியவில்லை.

"விடலைல்ல மாப்பிள்ளை?"

"விடல மாமா" என்றான் அவன். கைகளை மட்டும் எடுக்கவில்லை. "இன்னும் ஒன்பது பாக்கி இருக்கே, அதையும் தும்மிடுங்க."